ஒரே பாட்டில், இரண்டு ரிப்போர்ட்: தண்டையார்பேட்டையில் ஒரு தண்ணீர்ச் சண்டை

குழாய்த் தண்ணீரில் வருவது எண்ணெய் வாடையா, சாக்கடை வாடையா என்று ஒரு தெருவே இரண்டுபட்டிருந்தது. அந்த ஒரே தெருவில், ஒரே காலையில், ஒரே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஒரே தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு அறிக்கைகள் வந்தன. ஒன்று, தண்ணீரில் எண்ணெய் கண்டறியப்படவில்லை என்றது. மற்றது, கழிவுநீர் கலந்ததற்கு அடையாளமான கோலிஃபார்ம் பாக்டீரியா இருக்கிறது என்றது. தெருவில் ஒரு தரப்பு முதல் அறிக்கையை ஏற்கவில்லை; பாட்டில் சரியில்லை என்றது. இன்னொரு தரப்பு இரண்டு அறிக்கைகளையும் ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் கொடுத்தது. பாட்டிலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. உண்மையில் அந்தப் பாட்டில்கள் இரண்டு சோதனைக்குமே லாயக்கில்லாதவை.

இந்தச் சம்பவத்தை எழுதி வைப்பதற்கு அதுதான் காரணம். ஏற்கெனவே ஒன்றை நம்புகிறவர் புதிய சான்றைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவார் என்று பொதுவாகச் சொல்வோம். இங்கே யாரும் கண்ணை மூடவில்லை. எல்லோரும் நன்றாகத் திறந்துதான் பார்த்தார்கள், பிடிக்காத தாளை மட்டும்.

நான் அந்தத் தெருக்காரன் இல்லை. அங்குள்ள படிப்பகத்துப் பையன்கள் கூட்டத்தில் குறிப்பெடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதால் உள்ளே போனவன். தெருவின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் அடையாளத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

தெருவும் அதன் நினைவும்

வடசென்னையில் டி.எச். ரோட்டிலிருந்து பிரியும் குறுக்குச் சந்து அது. தண்ணீர் லாரி உள்ளே நுழையாது. முனையில் நின்றுதான் டியூப் போட வேண்டும். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் வரும். சில வீடுகளில் அடிபம்பு, சில வீடுகளில் லைனிலேயே மாட்டிய மோட்டார். பாத்திரம் கழுவ, துணி துவைக்க போர் தண்ணீர். குடிக்க, கையில் காசிருந்தால் கேன்.

மழைக்காலம் ஒன்றில், பெருமழை விட்ட சில நாட்களில், குழாய்த் தண்ணீரில் வாடை வந்தது. என்ன வாடை என்பதிலேயே தகராறு. ஒரே குடத்தை முகர்ந்துவிட்டு ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், அடுத்தவர் சாக்கடை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. வாடை என்பது மூக்கு மட்டும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை. எதை எதிர்பார்த்து முகர்கிறோம் என்பதும் அதில் சேர்ந்துகொள்கிறது.

மண்ணெண்ணெய் என்றவர், துறைமுகத்தில் கலாசித் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரை ஹார்பர் தாத்தா என்று கூப்பிடுகிறது. அவர் எண்ணெய் என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2013இல் இதே தண்டையார்பேட்டையில் வீடுகளின் போர் தண்ணீரில் எரிபொருள் எண்ணெய் கலந்து வந்தது. துறைமுகத்திலிருந்து பூமிக்கடியில் வரும் எண்ணெய்க் குழாயில் கசிவு. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. அந்த நாட்களில் வாளித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்ததைத் தாத்தா தன் கண்ணால் பார்த்தவர்.

அப்புறம் 2017 ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, விடியும் முன்பு, பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிக்கை வந்தது. அடுத்த சில நாட்களில் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் மீனவர்களும் மாணவர்களும் ஊழியர்களும் நின்று, கறுப்பாகக் கட்டிதட்டிய எண்ணெயை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறவர், "பாதிப்பில்லை" என்ற வார்த்தையைக் கேட்டதும் சந்தேகப்படுவதை மூடநம்பிக்கை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முன்நம்பிக்கை என்பது பெரும்பாலும் பழைய சான்றுகளின் சேமிப்புதான். தாத்தாவின் சேமிப்பு கொஞ்சமில்லை.

சாக்கடை என்றவர் இட்லிக்கடை அக்கா. அவர் வீட்டு வாசலில்தான் கழிவுநீர் மூடி இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அது பொங்கும். ஒவ்வொரு முறையும் அவர்தான் செங்கல் வைத்து வழி கட்டுவார். மூன்றாவது தரப்பு, மெட்ரோ வாட்டர் டிப்போ இன்ஜினியர். இந்தப் பகுதியில் வருகிற புகார்களில் முக்கால்வாசி வீட்டு இணைப்புக் கோளாறுதான் என்பது அவருடைய அனுபவம். ஆகவே மெயின் லைன் சுத்தம் என்பது அவருக்குத் தொடக்கப்புள்ளி. மூன்று பேருக்கும் அவரவர் அனுபவமே முதலீடு.

மூன்று சான்றுகள், மூன்று வரவேற்புகள்

முதலில் டிப்போவிலிருந்து ஊழியர் வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டார். தண்ணீர் மஞ்சளாக மாறியது. மஞ்சள் என்றால் குளோரின் மிச்சம் இருக்கிறது என்று பொருள். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரம். அதைவிட அதிகமாகவே இருந்தது. குளோரின் தங்கியிருக்கிறது என்றால் சாக்கடை கலக்கவில்லை, அதனால் லைன் சுத்தம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

"குளோரின் கீதுன்னா எண்ணெய் இல்லன்னு ஆயிடுமா?" என்று கேட்டார் தாத்தா. நியாயமான கேள்வி. அந்தச் சொட்டுக்கு எண்ணெயைப் பற்றி எதுவும் தெரியாது. அக்கா கேட்டதும் நியாயம்: "தண்ணி வந்து முக்கா மணி நேரம் கழிச்சு வந்து புடிச்சா எப்படி? மொதல்ல வர்ற தண்ணிதானே நாறுது!" இருவரும் சான்றின் பலவீனத்தைச் சரியாகப் பிடித்தார்கள். ஆனால் சொட்டு மஞ்சளாகாமல் இருந்திருந்தால், நேரத்தைப் பற்றி அக்கா வாய் திறந்திருப்பாரா? நான் பின்னால் அவரிடமே கேட்டேன். சிரித்துவிட்டு, "எதுக்குத் தொறக்கணும்?" என்றார்.

அடுத்து ஒரு கல்லூரி மாணவர்கள் சில வீடுகளுக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகளைக் கொடுத்தார்கள். இந்திய ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்ட எளிய முறை அது. குப்பிக்குள் மருந்து தோய்த்த காகிதத் துண்டு இருக்கும். தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவோடு வரும் பாக்டீரியா இருக்கும்போது கறுக்கும். காசும் அதிகமில்லை, கரண்டும் வேண்டாம், முடிவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒரு சிக்கல்: நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்பைடு இருந்தாலும் கறுக்கும். கடலோரத்தில் போர் தண்ணீருக்கு இது நடக்கக்கூடியதுதான்.

குப்பிகளில் சில கறுத்தன, சில அப்படியே இருந்தன. என்ன நடந்தது என்பதைக் கவனித்துக் குறித்தேன். கறுக்கும் என்று எதிர்பார்த்து, கறுத்த வீட்டில் கதை அன்றே முடிந்தது. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். கறுக்காது என்று நினைத்து, கறுத்த வீட்டில் வேறு குப்பி கேட்டார்கள். வெயிலில் வைத்துவிட்டோம், குழந்தை கைவிட்டுவிட்டது, போர் தண்ணீரும் கலந்த சம்பிலிருந்து (தரைக்கடித் தொட்டியிலிருந்து) பிடித்துவிட்டோம் என்று காரணங்கள் வந்தன. அதில் சம்ப் காரணம் அசல் காரணம். நிலத்தடி நீர் கலந்திருந்தால் அந்தக் குப்பிக்கு மதிப்பில்லை. அதேபோல் சம்பிலிருந்து பிடித்த இன்னொரு வீட்டில், எதிர்பார்த்தபடி கறுத்ததால் யாரும் அதைக் கேட்கவே இல்லை.

இதை அமெரிக்காவில் பீட்டர் டிட்டோவும் டேவிட் லோபஸும் 1992இல் ஒரு சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். உடலில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்க, எச்சிலில் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நொதியும் கற்பனை, காகிதமும் வெறும் காகிதம், நிறம் மாறாது. சிலரிடம், நிறம் மாறாவிட்டால் நல்லது என்றார்கள். சிலரிடம், மாறாவிட்டால் குறைபாடு என்றார்கள். நல்ல செய்தி என்று நம்பியவர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். கெட்ட செய்தி என்று நம்பியவர்கள் காத்திருந்தார்கள், திரும்ப நனைத்தார்கள், நிறம் வந்துவிடாதா என்று பார்த்தார்கள். பிடிக்காத முடிவை நாம் உடனே மறுத்துவிடுவதில்லை. அதற்குக் கூடுதல் நேரமும் கூடுதல் சோதனையும் கொடுக்கிறோம். தனியாகப் பார்த்தால் அது கவனம் மாதிரியே தெரியும்; பிடித்த முடிவுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தோம் என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளிவரும்.

மூன்றாவதாக வந்ததுதான் ஆய்வக அறிக்கை. தெருவில் காசு திரட்டி அனுப்பியது. எண்ணெய் பற்றிய இடத்தில், கண்டறியும் அளவுக்குக் கீழே என்று போட்டிருந்தது. தாத்தா கண்ணாடியை மாட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கண்டுபுடிக்க முடியலன்னுதானே போட்டுக்குது? இல்லன்னா போட்டுக்குது?" அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆய்வகத் தாள்களைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் கவனிக்காத வித்தியாசம் அது.

அவர் பேத்தி வேதியியல் படித்தவள். இரண்டு நாள் உட்கார்ந்து தேடி, ஓட்டையைக் கண்டுபிடித்தாள். எண்ணெய் சோதனைக்குத் தண்ணீரை அகல வாய்க் கண்ணாடி பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அமிலம் சேர்த்து அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைத்துத் தெரியும். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் அதே பாட்டில்களில்தான் பாக்டீரியா சோதனைக்கும் தண்ணீர் போனது. அதற்குக் கிருமிநீக்கம் செய்த பாட்டில் வேண்டும். உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் மிச்சமிருக்கிற குளோரின், வழியிலேயே பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே போகும். ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். இவற்றில் எதையும் செய்யவில்லை. ஆக, கோலிஃபார்ம் முடிவு இரண்டு பக்கமும் தவறியிருக்கலாம்: பாட்டிலிலிருந்தே பாக்டீரியா வந்திருக்கலாம், அல்லது உண்மையில் இருந்ததில் பாதி செத்துப்போயிருக்கலாம். எண்ணெய் சோதனையின் விதிமுறையைத் தேடிப் படித்த பேத்தி, இதைத் தேடவில்லை. பாக்டீரியா இருப்பதைப் பற்றி அவர்களுக்கு அக்கறையில்லை. அக்கா தரப்புக்கோ, தேடுவதற்கு எந்த அவசியமும் இல்லை. கையில் வேண்டிய தாள் இருக்கிறது.

பேத்தியின் பக்கம்தான் எனக்கு இந்தச் சம்பவத்தில் மிகவும் சுவாரசியமானது. பக்கச்சார்பு என்றாலே படிக்காதவர் விவகாரம் என்று நினைக்கிறோம். இங்கே படிப்பு இருந்ததால்தான் ஓட்டை கண்ணில் பட்டது. தேடும் திறமை முழுக்க ஒரே பக்கம் வேலை செய்தது. அதனால் கண்டுபிடித்தது பொய்யாகிவிடாது. ஒரு பக்கத்துச் சான்றை மட்டும் சல்லடை போட்டால், சல்லடையில் சிக்குவதெல்லாம் உண்மையான கல்லாகவே இருந்தாலும், மொத்தக் கணக்கு தப்பாகத்தான் வரும்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்தது

நம்பிக்கை சான்றை எப்படி வளைக்கிறது என்று பேசும்போது எல்லோரும் முதலில் சொல்கிற ஆய்வு 1979இல் வந்தது. சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 48 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், பாதிப் பேர் எதிர்ப்பவர்கள். எல்லோருக்கும் இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றது. மற்றது, குறைக்கவில்லை என்றது. இரண்டும் ஜோடிக்கப்பட்டவை. ஒன்று, ஒரே மாநிலத்தில் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடும் முறை. இன்னொன்று, பக்கத்துப் பக்கத்து மாநிலங்களை ஒப்பிடும் முறை. எந்த முறை எந்த முடிவைத் தருகிறது என்பதை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். முறை எதுவானாலும், தன் கருத்துக்கு ஒத்த முடிவைத் தந்த ஆய்வே நல்ல ஆய்வு என்று இரு தரப்பும் மதிப்பிட்டன. எதிரான ஆய்வில் நுணுக்கமான குறைகள் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டையும் படித்த பிறகு தங்கள் கருத்து முன்னைவிட உறுதியாகிவிட்டதாகவும் சொன்னார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு, சான்றைக் காட்டினால் மக்கள் எதிர்த்திசையில் இன்னும் ஓடுவார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு உறுதியான விஷயம் இல்லை. தாமஸ் வுட்டும் ஈத்தன் போர்ட்டரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் தவறான தகவலைத் திருத்திப் பார்த்தார்கள். எதிர்த்திசையில் ஓடியவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பெரும்பாலும் உண்மையின் பக்கம் கொஞ்சமாவது நகர்ந்தார்கள். தண்டையார்பேட்டையில் நான் பார்த்ததும் அதுதான். தாத்தா குளோரின் சொட்டுக்குப் பிறகு எண்ணெய் நம்பிக்கையில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆய்வக அறிக்கைக்குப் பிறகு, "லைன்ல இல்லாம போர்ல இருக்கலாம்" என்று ஒரு அடி நகர்ந்தார். தெருவில் யாரும் அதை நகர்வாக எண்ணவில்லை. பேச்சை மாத்துகிறார் என்றார்கள்.

அதே லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனோடு சேர்ந்து 1984இல் செய்ததுதான் எங்களுக்கு உதவியது. நடுநிலையாக இருங்கள், பாரபட்சம் பார்க்காதீர்கள் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு குழுவிடம் வேறு மாதிரி சொன்னார்கள்: இதே முறையில் செய்த ஆய்வு, எதிரான முடிவைத் தந்திருந்தால், இதே மதிப்பீட்டைக் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சார்பு குறைந்தது. யாருமே தன்னைப் பாரபட்சக்காரர் என்று நினைப்பதில்லை; அதனால் பாரபட்சம் வேண்டாம் என்ற அறிவுரை அடுத்தவருக்குச் சொன்னதாகவே காதில் விழும். இந்தக் கேள்வி அப்படி நழுவ விடாது.

முன்கூட்டியே எழுதிய தாள்

படிப்பகத்தில் கேரம் போர்டை ஓரம் தள்ளிவிட்டுக் கூட்டம் போட்டோம். பழைய அறிக்கைகளைப் பற்றி இனி பேசுவதில்லை என்பதுதான் முதல் முடிவு. அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி சோதனை செய்வோம். ஆனால் தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் யார் என்ன ஒத்துக்கொள்வார் என்று எழுதிவிடுவோம் என்றேன்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது ஒன்று. ஒரு தரப்பின் வார்த்தையைக் குறைத்து மதிப்பிட நமக்கு உரிமை உண்டு. முன்பு இரண்டு முறை தவறாகச் சொன்னவரை மூன்றாம் முறை அரைமனதாகக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் எவ்வளவு குறைத்து மதிப்பிடுவோம் என்பதைக் கவரைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிரித்துப் படித்த பிறகு சொன்னால், மதிப்பிட்டது ஆய்வகத்தையா, முடிவையா என்று யாருக்கும் தெரியாது, சொல்கிறவருக்கும்.

தாத்தா தன் நிபந்தனைகளைச் சொன்னார்: கண்ணாடி பாட்டில், பேத்தி கையால் பிடிக்க வேண்டும், லைன் தண்ணீரும் வேண்டும், போர் தண்ணீரும் வேண்டும். அக்கா: மோட்டார் போடுவதற்கு முன்னால், முதலில் வருகிற தண்ணீரைப் பிடிக்க வேண்டும். இன்ஜினியர்: அரை மணி நேரம் கழித்து வருகிற தண்ணீரையும் பிடிக்க வேண்டும், வீட்டு சம்பிலிருந்து கூடாது. மூன்று பேரின் சந்தேகங்களும் சேர்ந்ததால் சோதனை முன்னைவிடப் பல மடங்கு நன்றாக அமைந்தது. எதிர்க்கட்சிக்காரர் கையில் வடிவமைப்பைக் கொடுத்தால் அதுதான் லாபம். தான் நம்பாததில் ஓட்டை பார்க்கிற கண் எல்லோருக்கும் கூர்மை.

"இந்த முடிவு வந்தால் நான் இதை விட்டுவிடுகிறேன்" என்ற வரிகளை எழுதத்தான் கஷ்டப்பட்டார்கள். இன்ஜினியர் கூட முதலில், மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கடைசியில் எழுதினார்: முதல் தண்ணீரில் இரண்டு இடத்துக்கு மேல் பாக்டீரியா இருந்தால், லைனில் எங்கோ ஓட்டை என்று ஒத்துக்கொண்டு தோண்டிப் பார்ப்போம்.

முடிவு வந்தது. லைனிலும் சரி, போர்களிலும் சரி, கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் இல்லை. முதல் தண்ணீரில் பெரும்பாலான இடங்களில் மலக்கழிவு பாக்டீரியா இருந்தது. குளோரின் சுத்தமாக இல்லை. அரை மணி நேரம் கழித்துப் பிடித்ததில் பாக்டீரியா இல்லை, சொட்டு மஞ்சளானது. டிப்போ ஊழியர் அன்றைக்குப் பார்த்தது பொய்யில்லை. நாற்றம் போன பிறகு பார்த்திருக்கிறார். அக்கா வாசல் மூடியை ஒட்டித் தோண்டியதில், சில வீடுகளுக்குப் போகிற பழைய இரும்புக் குழாய் கழிவுநீர்த் தொட்டியை உரசிக்கொண்டு போவதும், அதில் துரு தின்ற ஓட்டையும் தெரிந்தன. இன்ஜினியர் பேசாமல் எழுதியபடி செய்தார். தோண்டுவதற்கு அனுமதி வாங்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை.

அக்காவின் மோட்டார்

இங்கேயே முடிந்திருந்தால் அக்கா ஜெயித்தார் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். குழாயில் ஓட்டை இருந்தால் மட்டும் சாக்கடை உள்ளே வந்துவிடாது என்று இன்ஜினியர் விளக்கினார். தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது ஓட்டை வழியாக வெளியேதான் கசியும். சப்ளை இல்லாத நேரத்தில் குழாய் காலியாக இருக்கும். சுற்றி சாக்கடை தேங்கியிருந்தால் ஊறி இறங்கும். அதைவிட மோசம், தண்ணீர் வருவதற்கு முன்பே வீடுகளில் மோட்டாரைப் போட்டு இழுப்பது. குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஓட்டைக்கு வெளியே என்ன நிற்கிறதோ அதை உறிஞ்சும். லைனில் நேரடியாக மோட்டார் மாட்டுவதற்கு அனுமதியும் கிடையாது.

இட்லிக்கடை வீட்டில் அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று இருக்கிறது. மாவு அரைக்க, அரிசி ஊறவைக்க, பாத்திரம் கழுவ விடிகாலை நான்கு மணிக்கே தண்ணீர் வேண்டும். அவர் பிழைப்பு அது. சாக்கடைக்கான ஒவ்வொரு சான்றையும் அதுவரை இரு கை நீட்டி வாங்கிக்கொண்ட அக்கா, "என் மோட்டார்தான் இழுத்துச்சுன்னு நீ உள்ள பூந்து பாத்தியா?" என்றார். தெருவில் வேறு மோட்டார்கள் இல்லையா, எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி நாறவில்லையே, அழுத்தமானி வைத்து அளந்தார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாமே நல்ல கேள்விகள். எதிர்வீட்டுக் கிழவி திண்ணையில் இருந்தபடியே, "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்றார். அக்கா முறைத்த முறைப்பில் அடுத்த வார்த்தை வரவில்லை.

அவசரமாக ஒரு சோதனை செய்தார்கள். அடுத்த சப்ளை நாளில் முதல் அரை மணி நேரம் யாரும் மோட்டார் போடுவதில்லை. முதல் தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் பார்ப்பது. இரண்டு இடத்தில் கறுக்கவில்லை, ஒரு இடத்தில் கறுத்தது. இன்ஜினியர் கறுக்காத இரண்டைக் காட்டினார். அக்கா கறுத்த ஒன்றைக் காட்டி, "மோட்டார் இல்லாமயே வந்துச்சே" என்றார். யார் சரி? குழாய் ஓட்டை அப்போது அடைபடவில்லை. தேங்கிய சாக்கடை ஊறி வந்திருந்தால் மோட்டார் இல்லாமலும் கறுக்கும். மோட்டாரும் சேர்ந்திருந்தால் அதிகமாகக் கறுத்திருக்கும். மூன்று குப்பியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதைச் சோதனைக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் மூன்று பேருமே ஒத்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை தாள் எழுதவில்லை. முந்தைய சண்டை அப்படியே திரும்பி வந்தது, கட்சிகள் மட்டும் மாறியிருந்தன.

அதற்குள் குழாயை மாற்றி புது எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாய் போட்டுவிட்டார்கள். வாடை நின்றது. மோட்டார் விவகாரத்தைத் தீர்க்க வேண்டிய அவசரமும் போய்விட்டது. சிலர் மோட்டாரைக் கழற்றி சம்பில் மாட்டினார்கள். இட்லிக்கடை மோட்டார் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வைகாசிக்கு ஒரு வரி

ஹார்பர் தாத்தா, லைனில் எண்ணெய் இல்லை என்பதைத் தாளில் எழுதியபடி ஒத்துக்கொண்டார். போர் விஷயத்தில் மட்டும் ஒரு கொக்கி போட்டார்: "மழைல பாத்தா என்னா தெரியும்? கத்திரி வெயில்ல பாருங்க, அப்பதான் வாடை வரும்." தாளில் இது இல்லையே என்று பையன்கள் கத்தினார்கள். தோற்றவர் எல்லைக்கோட்டைத் தள்ளி வைக்கிறார் என்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

பேத்தியும் இன்ஜினியரும் உட்கார்ந்து பேசியபோது வேறு மாதிரி தெரிந்தது. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. பூமிக்கடியில் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதந்து நிற்கும். மழையில் நீர்மட்டம் ஏறும்போது மண் துகள்களுக்கிடையில் சிக்கிய எண்ணெய் தண்ணீருக்குள் மூழ்கிவிடும், போரில் வராது. கோடையில் மட்டம் இறங்கும்போது சிக்கியது விடுபட்டுப் போருக்குள் வரும். மழைக்காலத்தில் இல்லை என்ற முடிவு கோடைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. தாத்தா இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் எந்த மாதத்தில் வாடை வரும் என்பது அவர் பல வருஷம் பார்த்துச் சேர்த்தது. அவர் நம்பிக்கையை மூக்கின் பிரமை என்று தள்ளியிருந்தால் இந்தத் தகவலும் கூடவே போயிருக்கும்.

ஆனாலும் பையன்களின் பயத்தில் நியாயம் உண்டு. கோடையில் இல்லையென்றால் அடுத்த கோடை, அதிலும் இல்லையென்றால் இன்னும் ஆழமான போர் என்று எந்த நம்பிக்கையையும் காலம் முழுக்கக் காப்பாற்றிக்கொண்டே போகலாம். அதனால் இதையும் தாளில் ஏற்றினோம், ஒரே ஒரு முறைக்கு. வைகாசி முதல் வாரம், முன்பு பிடித்த அதே போர்கள், கண்ணாடி பாட்டில், பேத்தி கையால், அதே ஆய்வகம். எண்ணெய் இல்லையென்றால், இந்தத் தெருத் தண்ணீர் பற்றிய கூட்டத்தில் 2013ஐ இழுப்பதில்லை என்று தாத்தா கையெழுத்துப் போட்டார். இன்ஜினியர் கீழே தானாக ஒரு வரி சேர்த்தார்: எண்ணெய் இருந்தால், மெட்ரோ வாட்டர் சம்பந்தப்பட்டதில்லை என்று தட்டிக்கழிக்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நானே எழுத்தில் அனுப்புகிறேன். தாத்தா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தேதியையும் போடச் சொன்னார்.